கரும்புள்ளியும் மஞ்சள் வளையமும்

மச்சினன் இந்த முறை வீட்டுக்குள் காலடி எடுத்து வைக்கக் கூடாது. பல் தேய்த்துக்கொண்டே புள்ளி சார் இந்த முடிவுக்கு வந்தார். வீரமான முடிவுதான். ஆனால் வாய் நிறைய நுரை இருந்ததால் வெளியே சொல்ல முடியவில்லை. கொப்பளித்துத் துப்பியபோது நுரையோடு வீரமும் போய்விட்டது.

அவருக்குப் புள்ளி சார் என்று பெயர் வைத்தது அச்சகத்து ஆட்கள். அங்கே அவருக்குப் பிழைதிருத்தும் வேலை. எந்த எழுத்துக்கு மேல் புள்ளி விடுபட்டாலும் அவர் கண் அங்கே போய் நிற்கும். ஒருமுறை 'பல் வைத்தியர்' என்ற பலகை 'பல வைத்தியர்' என்று அச்சாகப் பார்த்தது. இவர் மட்டும் பாய்ந்து தடுத்திருக்காவிட்டால், ஊரில் உள்ள மூட்டுவலிக்காரர்கள் எல்லாம் அந்த நாற்காலியில் போய் வாயைத் திறந்திருப்பார்கள்.

வீட்டில்தான் புள்ளி வைக்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. வாக்கியத்தை அவர் ஆரம்பிப்பார். முற்றுப்புள்ளியை மனைவி வைப்பாள்.

முந்தின நாளும் அப்படித்தான் நடந்தது.

"ஏங்க, தம்பி போன் பண்ணினான். வெள்ளிக்கிழமை வர்றான். ஏதோ ஆபீஸ் வேலையாம். பத்து நாள் இருப்பான்."

"பத்து நாளா?"

"ஏன், கம்மியா இருக்கா? இன்னும் கொஞ்சம் இருக்கச் சொல்லட்டா?"

அவ்வளவுதான். முற்றும்.

மச்சினனுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. கல்யாணம் ஆகவில்லை. அவன் பேசுவதைக் கேட்டவர்கள் காரணம் விசாரிப்பதில்லை. நன்றாக நடமாடிக்கொண்டிருக்கிற மனிதரை உட்காரவைத்து, அவர் இல்லாமல் போனால் வீட்டாருக்கு என்னென்ன கிடைக்கும் என்று விலாவாரியாகச் சொல்லுவான். கேட்கிறவருக்கும் கொஞ்ச நேரத்தில் அதுவே நல்லது என்று தோன்ற ஆரம்பித்துவிடும். புள்ளி சார் அவனுக்கு மனசுக்குள் வைத்திருந்த பெயர் 'ரம்பம்'. பகலில் பேச்சு, ராத்திரி குறட்டை. தூக்கத்திலும் தொழிலை விடாதவன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தவர், வழக்கம்போலச் செடியைப் பார்த்தார்.

ஹால் மூலையில் இருந்தது மணிபிளான்ட். தேங்காய் நார் சுற்றிய கம்பைப் பிடித்துக்கொண்டு ஆள் உயரத்துக்கு ஏறியிருந்தது. ஒவ்வொரு இலையும் சாப்பாட்டுத் தட்டு அகலம். மகள் வேலை கிடைத்து வெளியூர் போன அன்று வாங்கி வைத்துவிட்டுப் போனது. "நான் இல்லாதப்போ இதோட பேசிட்டு இருங்க" என்றாள். மனைவி அதோடு பேசினாள். புது இலை விட்டால் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினாள். புள்ளி சாருக்குச் செடியிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. அதனால் தினமும் சாயந்தரம், துணி இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கிற பாட்டிலை எடுத்து, இலைகளெல்லாம் சொட்டச் சொட்ட நனைத்துவிட்டு, குளிர்ந்த காற்று அடிக்கக் கூடாதே என்று ஜன்னலையும் சாத்திவிடுவார். அவர் பாசம் அந்த மாதிரி.

இன்று அடி இலையில் ஒரு கரும்புள்ளி. சுற்றிலும் மஞ்சள் வளையம். பக்கத்து இலையில் நாலைந்து. அதற்குப் பக்கத்து இலையில், மை கொட்டியதுபோல ஈரமாக, ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு பெரும்புள்ளியே உட்கார்ந்திருந்தது.

பதறியிருக்க வேண்டிய நேரம். பதறவும் செய்தார். ஆனால் பதற்றத்தின் நடுவிலே ஒரு யோசனை எட்டிப் பார்த்தது. அது அவரைப் பார்த்துக் கண்ணடிக்கவும் செய்தது.

"ஏம்மா! சீக்கிரம் வா! கிட்ட வராதே!"

"வரவா, வேண்டாமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"அங்கேயே நின்னு பாரு. இலைப்புள்ளி நோய். தொற்று! காத்துலயே பரவும். மூச்சிரைப்பு இருக்கறவங்களுக்கு உடனே பிடிச்சுக்கும்."

"நம்ம வீட்ல யாருக்கு மூச்சிரைப்பு?"

புள்ளி சார் விட்டத்தைப் பார்த்தார். "நமக்கெல்லாம் இல்ல. ஆனா பாரு, உன் தம்பிக்குச் சின்ன வயசுல இரைக்கும்னு சொல்லியிருக்கியே."

"அதெல்லாம் ஞாபகம் இருக்கா உங்களுக்கு? நம்ம கல்யாண நாள் எதுன்னு கேட்டா மட்டும் காலண்டரைப் பாப்பீங்க."

"அக்கறை இருந்தா ஞாபகம் இருக்கும். பாவம், இந்த நேரத்துல அவனை வரவெச்சு ஏதாவது ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா? எனக்கு மனசு கேக்கல. அடுத்த வருஷம் வரட்டுமே."

மனைவி அவரைப் பார்த்தாள். செடியைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள். எதில் புள்ளி அதிகம் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுபோல இருந்தது.

புள்ளி சார் ஒன்றை மறந்துவிட்டார். மனைவிக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. ஊரார் ரத்தமும் சளியும் அவள் கைப்பட்டுத்தான் டாக்டரிடம் போகும். அவளிடம் போய்த் தொற்று என்று சொல்வது, போலீஸ் ஸ்டேஷனுக்குள் நுழைந்து திருடன் திருடன் என்று கத்துவது மாதிரி.

அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு புள்ளி விழுந்த இலை ஒன்றைக் கிள்ளி, பையை உள்வெளியாகத் திருப்பி முடிச்சுப் போட்டாள்.

"எதுக்கு?"

"லேபுக்கு. நீங்க இவ்ளோ அக்கறையா சொல்றீங்க. பாத்துடலாம்."

அன்று அச்சகத்தில் புள்ளி சாருக்கு வேலையே ஓடவில்லை. செடிக்கு ரத்தமா இருக்கிறது, இவள் என்னத்தைக் கண்டுபிடிப்பாள் என்று தேற்றிக்கொண்டார். மெய் என்று எழுதினாலும் மேலே ஒரு புள்ளிதான், பொய் என்று எழுதினாலும் அதே ஒரு புள்ளிதான், தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதானே என்றும் தேற்றிக்கொண்டார். தேறவில்லை.

சாயந்தரம் மனைவி வந்தாள். வாயில் மாஸ்க். கையில் கையுறை. வாசலிலேயே நின்றாள்.

"பாத்தேன்."

"என்ன பாத்தே?"

"புள்ளி ஓரத்தை மெல்லிசா சீவி, ஒரு சொட்டுத் தண்ணி விட்டு மைக்ராஸ்கோப்புல வெச்சேன். வெட்டின எடத்துலேந்து கிருமி புகை மாதிரி வழியுது. நீங்க சொன்னது சரிதாங்க. ஒட்டிக்கிற ஜாதி."

பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் சமாளிக்கப் புள்ளி சாருக்குப் பழக்கம் உண்டு. சொன்ன பொய் உண்மையாகிப்போனால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

"அப்போ உன் தம்பி..."

"அவன் வரட்டும். அவன் என்ன செடியத் தொட்டானா? இது கைமூலமா பரவுறது. தெனமும் தொட்டது யாரு? தெனமும் சாயந்தரம் தண்ணி அடிச்சது யாரு?"

"மெதுவா பேசு! தெருவுல கேக்கப் போறாங்க!"

"கேக்கட்டுமே. தண்ணி அடிச்சது நீங்கதானே?"

எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று மெல்லத் திறந்து, இன்னும் மெல்லச் சாத்திக்கொண்டது.

"நானேதான்" என்றார் புள்ளி சார், ஒடுங்கிப்போன குரலில்.

"அப்போ செடியும் நீங்களும் ஒரே ரூம்ல இருக்கறதுதான் நல்லது. பின்னாடி ரூமுக்குப் போங்க. தட்டு, டம்ளர் எல்லாம் கதவுகிட்ட வரும். செடி சரியாகற வரைக்கும் வைத்தியம் உங்க பொறுப்பு. எப்படிப் பண்றதுன்னு நான் சொல்றேன்."

பின்னாடி அறையை அறை என்று சொல்வது மரியாதைக்காகத்தான். புள்ளி சார் பல வருஷமாகத் திருத்திப் போட்ட அச்சுத் தாள்கள் அங்கே கட்டுக் கட்டாகக் கூரை வரைக்கும் நின்றன. எடைக்குப் போடச் சொல்லி மனைவி கெஞ்சியிருக்கிறாள், திட்டியிருக்கிறாள், நாள் கணக்கில் பேசாமலும் இருந்து பார்த்திருக்கிறாள். "அது என் உழைப்பு!" என்று அவர் ஒரு கட்டைக்கூட நகர்த்த விட்டதில்லை.

இப்போது தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அந்த வாசலில் நின்றார்.

"உள்ள நிக்கவே எடமில்லையேம்மா."

"செடிக்குக் காத்து வேணும். ஜன்னலைத் தொறங்க."

"ஜன்னல்கிட்ட போக வழியில்ல."

"வழி பண்ணுங்க. வெளிச்சம் வேணும், காத்து ஓடணும், தூசு கூடாது. இல்லேன்னா மீதி இலையும் போயிடும். அப்புறம் பொண்ணுக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்க."

பெண் என்று சொன்னதும் புள்ளி சார் சட்டையைக் கழற்றிவிட்டார். இரண்டு நாள் விடாமல் கட்டுகளைச் சுமந்து வாசலில் போட்டார். பழைய பேப்பர்காரர் மூன்று நடை வந்து போனார். துருப்பிடித்த ஜன்னலுக்கு எண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டி, கடைசியில் தோளால் முட்டித் திறந்தார். வெளிச்சம் உள்ளே விழுந்தது. தரைக்கு நிறம் உண்டு என்பது அப்போதுதான் தெரிந்தது. மனைவி கதவிடுக்கு வழியாகத் துடைப்பத்தை நீட்டினாள். அப்புறம் வாளியும் துணியும். அப்புறம், "கையோட கையா" என்று ஒரு டப்பா வெள்ளைப் பெயின்ட்.

"சுவருக்குப் பெயின்ட் அடிச்சா செடி பொழைக்குமா?"

"வெளிச்சம் பட்டுத் திரும்பும்ல."

நியாயமாகத்தான் இருந்தது. அடித்தார்.

வெள்ளிக்கிழமை மச்சினன் வந்து இறங்கினான். மூடிய கதவுக்கு உள்ளே இருந்தபடி புள்ளி சார் காதைத் தீட்டிக்கொண்டார்.

"மாமா எங்கக்கா?"

"உள்ள இருக்கார். செடிக்கு ஒரு தொத்து. உனக்கு இரைப்பு வந்துடக் கூடாதேன்னு அவருக்கு ஒரே கவலை. 'எனக்கு மனசு கேக்கல'ன்னு அவர் வாயாலயே சொன்னார்."

வெளியே கொஞ்ச நேரம் சத்தமில்லை. மச்சினன் பேசாமல் இருந்ததைப் புள்ளி சார் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

வைத்தியம் தொடங்கியது. கதவுக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா, இந்தப் பக்கம் புள்ளி சார்.

"கத்திரிக்கோலை ஸ்பிரிட்டுல தொடைங்க. புள்ளி விழுந்த இலைய காம்போட வெட்டுங்க. மறுபடி தொடைங்க. அப்புறம்தான் அடுத்தது."

"ஒரே ஒரு புள்ளிதான் இருக்கு இதுல. இதையும் வெட்டணுமா?"

"நீங்க ஒரு பக்கத்துல ஒரு பிழைதான் இருக்குன்னு விட்டுடுவீங்களா?"

வெட்டினார். நன்றாக வந்திருக்கிற பத்தியை அடிக்கச் சொன்னால் எழுதியவருக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது. தட்டு அகல இலைகள் ஒவ்வொன்றாய்ப் பைக்குள் போயின. கடைசியில் கம்பின் உச்சியில் ஏழெட்டு இலைகள் மட்டும் மிஞ்சின.

"இதெல்லாம் எதனாலம்மா வந்துது?"

"இலைமேல தண்ணி தங்கினா வரும். அதுவும் ராத்திரி முழுக்க ஈரமா இருந்து, காத்தும் இல்லாம போனா சீக்கிரம் பரவும். இனிமே இலைய நனைக்காதீங்க. மண்ணுல மட்டும் விடுங்க. மேல்மண் காஞ்சப்புறம் விட்டாப் போதும்."

புள்ளி சார் தன் கையைப் பார்த்துக்கொண்டார். இத்தனை நாளும் கொஞ்சியதாக நினைத்தார். இந்தக் கைதான் சாகடித்துக்கொண்டிருந்திருக்கிறது. மனைவி அதைச் சொல்லிக் காட்டவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

அன்று மகள் போனில் வந்தாள். மனைவி பேசுவது கேட்டது. "செடியா? நல்லாயிடும். உங்க அப்பா கண்ணுல வெச்சுப் பாத்துக்கறார். அவர் ரூமையே அதுக்குக் குடுத்துட்டார்னா பாத்துக்கோயேன்." புள்ளி சார் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பெயின்ட் வாசனை என்று தனக்குத்தானே காரணமும் சொல்லிக்கொண்டார்.

மச்சினன் சும்மா இருப்பானா? ஆபீஸ் விட்டு வந்ததும் ஒரு ஸ்டூலை இழுத்துக் கதவுக்கு வெளியே போட்டுக்கொண்டான்.

"மாமா, தனியா இருக்கறது கஷ்டம். நான் பேசிட்டு இருக்கேன்."

"வேணாம்ப்பா, உனக்கு எதுக்குச் சிரமம்."

"இதுல என்ன மாமா சிரமம்! போன மாசம் ஒரு பாலிசி வந்திருக்கு..."

ரம்பம் மரத்தை மட்டும்தான் அறுக்கும் என்று அதுவரை நினைத்திருந்தார். கதவையும் அறுத்துக்கொண்டு வந்தது. காதைப் பொத்தவும் வழியில்லை, ஒரு கையில் கத்திரிக்கோல், இன்னொரு கையில் ஸ்பிரிட் பஞ்சு. முதிர்வுத் தொகை, இடைக்காலத் தொகை, விபத்துத் தொகை என்று அது ஓடிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் சாயந்தரம், வட்டிக்கும் போனசுக்கும் நடுவில், அது திடீரென்று நின்றது.

"மாமா, ஒண்ணு சொல்லட்டா?"

"சொல்லுப்பா. நான் வேணாம்னா விடவா போறே."

"சின்ன வயசுல எனக்கு ராத்திரியானா இரைக்கும். எங்கேயாவது தங்கப் போனா, 'பாவம், புள்ளைக்கு இங்க ஒத்துக்காது'ன்னு சொல்லுவாங்க. ரொம்ப அக்கறையாத்தான் சொல்லுவாங்க. அக்கா என்னைக் கூட்டிக்கிட்டுத் திரும்பி வந்துடுவா. பெரியவனானப்புறமும் அப்படித்தான், இரைப்பு போய் குறட்டை வந்துச்சு, அவ்வளவுதான் வித்தியாசம். அக்கறைன்னு சொல்லி என்னை வெளிய நிறுத்திக் கதவைச் சாத்தினவங்களைத்தான் மாமா பாத்திருக்கேன். நான் உள்ள வரணும்னு தானே ஒரு ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டவர் நீங்க ஒருத்தர்தான்."

புள்ளி சார் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவர் நிமிரச் சற்று நேரம் எடுத்துக்கொண்டார். கரும்புள்ளி செம்புள்ளி குத்தித் தெருத்தெருவாக இழுத்துப் போயிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு கூசியிருக்காது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தார். கடைசியில் அவருக்கு வந்தது இதுதான்:

"அந்தப் பாலிசி சொன்னியே, அது சரியா வெளங்கல. முதல்லேந்து சொல்லு."

கதவுக்கு வெளியே ஸ்டூல் கிறீச்சிட்டது. அவன் வாழ்நாளில் யாரும் அவனிடம் முதலிலிருந்து சொல் என்று கேட்டதில்லை. ஆரம்பத்திலிருந்து சொன்னான். இவர் முழுதும் கேட்டார். இரண்டு இடத்தில் சந்தேகம்கூடக் கேட்டார்.

அதற்கப்புறம் சாயந்தரமானால் ஸ்டூல் சத்தத்துக்குப் புள்ளி சார் காத்திருக்க ஆரம்பித்தார். அச்சகத்தில் நடந்ததை அவரும் சொன்னார். பல வைத்தியர் கதையைக் கேட்டு அவன் சிரித்த சிரிப்பில் கதவு அதிர்ந்தது. அந்தக் கதைக்கு வீட்டில் யாரும் சிரித்து வெகுகாலமாகியிருந்தது.

ஒரு காலையில் ஜன்னலோரம் வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. கம்பின் உச்சியில் ஊசிபோலச் சுருண்டிருந்த தளிர் அவிழ்ந்திருந்தது. எண்ணெய் தடவியதுபோல மினுமினுப்பு. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பிழைதிருத்தும் கண் கொண்டு நரம்பு நரம்பாகத் தேடினார். ஒரு புள்ளி இல்லை. பழைய இலைகளிலும் புதிதாக ஒன்றும் இல்லை.

கதவைத் திறந்துகொண்டு ஓடினார். காபி குடித்துக்கொண்டிருந்த மச்சினனின் கையைப் பிடித்து இழுத்தார்.

"வாப்பா, வந்து பாரு!"

"மாமா! தொத்து!"

"தொத்தாவது மண்ணாவது! அதெல்லாம் உனக்கு ஒண்ணும் ஆகாது, வா!"

சொல்லி முடித்த பிறகுதான் பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ஆச்சரியம் மருந்துக்கும் இல்லை.

மச்சினன் இலையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது புள்ளி சார் சமையலறைக்குள் பூனைபோல நுழைந்தார்.

"நீ ஒட்டிக்கும்னு சொன்னியே?"

"ஆமா. செடியிலேந்து செடிக்கு. மனுஷங்களுக்கு ஒட்டும்னு எங்க சொன்னேன்?"

புள்ளி சார் அவள் அன்று சொன்னதை வரி வரியாக நினைவில் ஓட்டிப் பார்த்தார். எங்கேயும் பிழை இல்லை. ஒற்றெழுத்துகூட இடறவில்லை.

"அப்போ, நான் எதுக்காகச் சொன்னேன்னு உனக்கு அன்னைக்கே..."

"நீங்க விட்டத்தைப் பாத்தப்பவே."

"அவன்கிட்ட சொல்லிட்டியா?"

"எதுக்குச் சொல்லணும்? அவன் உங்கள தலைமேல தூக்கி வெச்சிருக்கான். கீழ எறக்க எனக்கு மனசு வரல." அவள் பாலை அடுப்பிலிருந்து இறக்கினாள். "மேலயே இருங்க. பாக்க நல்லாத்தான் இருக்கீங்க."

புள்ளி சாருக்குக் கண் கலங்கிவிட்டது. செடியைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறாள். மகளிடம் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். தம்பியை விரட்டப் பார்த்தவனைத் தம்பியின் கண்ணில் பெரிய மனுஷனாக்கியிருக்கிறாள். இப்படி ஒருத்தி வாய்க்கத் தான் என்ன செய்துவிட்டோம் என்று நினைத்தார். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. நன்றி என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. மனைவியிடம் சொல்ல முடியாத நன்றியை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். நேரே ஹாலுக்குப் போய் மச்சினனின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்குக் கிளம்பறியாமே. இதப் பாரு, எப்ப வேணும்னாலும் வா. எத்தனை நாள் வேணும்னாலும் இரு. குறட்டை விடு, பாலிசி பேசு, யாரு கேக்கப் போறா? இது உன் வீடு. நான் சொல்றேன்."

மச்சினன் சமையலறை வாசலைப் பார்த்தான். "அக்கா, சொல்லிடட்டா?"

"சொல்லுடா. இனிமே என்ன, மாமாவே வாயாரக் கூப்பிட்டாச்சு."

"எனக்கு இந்த ஊருக்கு மாத்தல் ஆயிடுச்சு மாமா. புது ஆபீஸ்ல பொறுப்பு எடுத்துக்கத்தான் வந்தேன். சாமானெல்லாம் எடுத்துட்டு வரத்தான் நாளைக்குப் போறேன். ரூம் வாடகைக்குப் பாக்கறேன்னேன், அக்காதான் 'கொஞ்சம் பொறு, மாமா உனக்காக பின்னாடி ரூமைக் காலி பண்ணி, பெயின்ட் அடிச்சிட்டு இருக்கார்'னா. எனக்கு நம்பவே முடியல மாமா!"

புள்ளி சார் மனைவியைப் பார்த்தார். அவள் அவருக்குக் காபியை நீட்டினாள். சூடு, சர்க்கரை எல்லாம் அவருக்குப் பிடித்த அளவு.

ஒரு வாய் குடித்தார். தொண்டையைச் செருமினார்.

"சந்தோஷம்ப்பா. மாத்தல் எவ்வளவு நாளைக்கு?"

"நாளா?" மச்சினன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "ரிட்டையர் ஆகற வரைக்கும் மாமா!"